முகூர்த்தப் புடவையும் என் மகளின் மூச்சும்

காமாட்சியை நம்புகிற உங்கள் எல்லோருக்கும், அவளைத் திட்டிவிட்டு வந்த ஒருத்தி சொல்வது இது.

போன ஐப்பசியில் என் மூன்று வயது மகள் யாழினிக்கு இருமல் வந்து இருபது நாள் ஆகியிருந்தது. காய்ச்சல் வரும், போகும். முகம் வெளுத்துக்கொண்டே போனது. அப்போது எங்கள் தறியில் ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவை இருந்தது. அதைப் பாதியில் நிறுத்தினால் அந்தப் பெண்ணுக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. புடவையின் உடலோடு கரையைக் கோர்த்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் நானும் என் கணவரும்.

"இன்னும் மூணு முழம்தாம்மா. முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

நானும் தலையாட்டினேன். மழை ஈரத்தில் தறியில் கட்டிய பாவு நூல் தொய்ந்து, எட்டு நாளாகியும் அந்த மூன்று முழம் முடியவில்லை. மருந்துக் கடையில் ரத்தம் ஊறும் டானிக் வாங்கி ஊற்றினேன். பேரீச்சம்பழத்தைப் பிசைந்து திணித்தேன். அரக்கு நூலில் ஒரு இழை நிறம் மாறினாலும் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. பெற்ற பிள்ளையின் கண்ணிமைக்குள் சிவப்பே இல்லை, அதைப் பார்த்துவிட்டும் தறியில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. கஞ்சிகூட இறங்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காமாட்சி கோயிலுக்கு ஓடினேன். வரிசையில் நின்றே அம்மனோடு சண்டை போட்டேன். "ஏண்டி, நாங்க நெய்ஞ்ச பட்டைக் கட்டிக்கினுதானே உக்காந்துக்கினு இருக்க? எம்புள்ளைக்கு ரத்தம் குடு. இல்லன்னா இந்த வாசலை மிதிக்கமாட்டேன்!"

பின்னால் நின்ற பெண் ஒரு நர்ஸ். பிள்ளையின் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தார்.

"எத்தினி நாளா இப்படி மூச்சு வாங்கிக்கினு இருக்குது? வெளிய வாம்மா."

"இவ்ளோ தூரம் வந்துட்டேங்கா. ஒரு தரம் பாத்துட்டு..."

"சாமி எங்கயும் போவாது. நீ நட."

கையைப் பிடித்து இழுத்துவந்து ஆட்டோவில் ஏற்றினார். சன்னதிக்கு முன்னால் நாலே பேர்தான் பாக்கி. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். ரத்தம் ஏற்றச் சொல்லி டாக்டரம்மாவிடம் கத்தினேன்.

"ஏத்தற அளவுக்குப் போகலம்மா. கிருமியோட சண்டையில நுரையீரல்ல செல்லுங்க செத்துட்டே இருக்குது. கிருமிக்குக் கிடைக்கக் கூடாதுன்னு உடம்பு இரும்புச்சத்தைப் பூட்டி வெச்சிடுச்சு. எவ்ளோ டானிக் குடுத்தாலும் ரத்தம் ஊறாது. கிருமி போகட்டும், பூட்டு தானா திறக்கும்."

ஊசி மருந்தும் ஆக்சிஜனும் கொடுத்தார்கள். நாலாம் நாள் இட்லி கேட்டாள். ஒரு மாதத்தில் இமைக்குள் சிவப்பு வந்தது.

புடவை பதினோரு நாள் பாதியில் தொங்கியது. விஷயம் தெரிந்து அந்தக் கல்யாணப் பெண்ணே போன் செய்தாள். "கொழந்தைய விட்டுட்டா எனக்குப் புடவை நெய்ஞ்சீங்க? அறிவிருக்குதாக்கா?" என்றாள். அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன். அதே புடவையில்தான் அவளுக்குத் தாலி ஏறியது. நன்றாகத்தான் இருக்கிறாள்.

நான் ரத்தம் கேட்டேன். அந்த நர்ஸின் கையால் தாய் காமாட்சி என்னை வாசலுக்கு வெளியே இழுத்துப் போனாள். அவளை நம்புங்கள். கோபம் வந்தால் திட்டுங்கள், தாங்கிக்கொள்வாள். ஆனால் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் வரிசையில் நிற்காதீர்கள்.

பாக்கி வைத்த தரிசனத்துக்குப் போன வாரம் போனோம். வரிசை முழுக்க யாழினி "கால் வலிக்குது" என்று ஊரைக் கூட்டினாள். எல்லோரும் திரும்பி முறைத்தார்கள். நான் அவளை அடக்கவில்லை. அப்படிக் கத்த அவளுக்கு மூச்சு இருந்தது.