சாயத் தண்ணீரைத் தெளியவைத்த தனபாக்கியம்

தனபாக்கியம் போனால் சின்னாளப்பட்டியில் அந்தத் தெருவே திரண்டு அழும், சண்டை போட்டவர்களே முன்னால் நிற்பார்கள் என்று நான் அன்றே சொன்னேன். நான் சொல்லி எது நடக்காமல் போயிருக்கிறது? ஆனால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது என் மனைவி போனில், "தங்கச்சி போயிட்டா. நெஞ்சு வலின்னு உக்காந்தவ எந்திரிக்கல" என்றதும் தக்காளிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் என்று நான் சொல்லவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் கொழுந்தியாள் தனபாக்கியம், கணவர் இறந்தபின் சேலை நூலுக்குச் சாயம் போடும் பட்டறையைத் தனியாளாக நடத்தியவர். அவர் போட்ட சிவப்பு டெல்லியிலேயே கிடையாது. டெல்லிக்கு நான் போனதில்லை; இருந்தாலும் கிடையாது.

அந்தச் சிவப்புதான் வினையாயிற்று. பட்டறைக் கழிவு நீர் ஊறி, பக்கத்து வீட்டு ராசாத்தியின் கிணறு சிவந்துபோனது.

"ஏத்தா, என் கிணத்துல மஞ்சத் தண்ணியா ஊத்தி விளையாடுற? பட்டறையை மூடு. இல்ல, கலெக்டர் ஆபீசுக்கு எழுதிப் போட்டுருவேன்" என்றார் ராசாத்தி. தெரு முழுக்க அவர் பக்கம். பட்டறையை மூடினால் தனபாக்கியத்துக்குச் சோறு கிடையாது. அப்போதும், "அவ கேக்குறது நியாயந்தான் மாமா" என்றுதான் சொன்னார்.

கலங்கல் தண்ணீரில் முருங்கை விதையை இடித்துப் போட்டால் தெளியும் என்று ஆத்தூர்ப் பக்கம் யாரோ சொல்லக் கேட்டு, ஒரு வாளிச் சாயத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறார். சாயம் திரிதிரியாகத் திரண்டு அடியில் தங்கியது. மேல் தண்ணீரைத் தேங்காய் நார்த்தூளில் வடித்தால் மிச்ச நிறமும் குறைந்தது. நேரே மார்க்கெட்டில் என் காய்கறிக் கடைக்கு வந்தார்.

"மாமா, முத்திப்போச்சுன்னு முருங்கக்காயக் குப்பையில கொட்டுறீங்கள்ல, அதை எனக்கு அனுப்புங்க. காயவச்சு விதை எடுத்துக்கிறேன்."

"எதுக்கு? சாக்கடைக்குச் சாம்பார் வைக்கப் போறியா?"

"ஆமா, நீங்கதான் வந்து உப்புப் பாக்கணும்."

அனுப்பினேன். தெருவைக் கூட்டி வைத்துத் தொட்டியில் செய்துகாட்டிய அன்று நானும் போனேன். அவர் ஒரு கைப்பிடி விதை மாவைக் கரைத்து ஊற்றினார். இம்புட்டு ஜனம் பார்க்கும்போது இம்புட்டூண்டா போடுவது என்று, மிச்சமிருந்த மாவு முழுவதையும் நான் கொட்டிவிட்டேன். தண்ணீர் கழுநீராக வெளுத்தது. மறுநாள் மூக்கைப் பிடிக்க வைத்தது.

"சாயம் போயி நாத்தம் வந்துருச்சு. மார்க்கெட்டுக்காரர் கை பட்டா தண்ணியும் அழுகிரும் போல" என்றார் ராசாத்தி. எல்லோரும் சிரித்தார்கள். தனபாக்கியமும் சிரித்தார்.

அதற்குப் பிறகு மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வரத்து நின்றுபோனதால் என்னால் அனுப்ப முடியவில்லை.

அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஆத்தூர் பஸ் ஏறி, வீடு வீடாகக் காய்ந்த முருங்கை நெற்று கேட்டு வாங்கினார். ஒருநாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டார். இடுப்பில் சாக்கு, முகமெல்லாம் வேர்வை.

"என்ன மாமா, வரத்து இல்லையாமே?"

"இல்லத்தா."

"சரி, வந்தாச் சொல்லுங்க."

அளவு அவர் கைக்குப் பிடிபட்டது. அடியில் தங்கிய சகதியைக் காயவைத்து மூட்டை கட்டினார். ஒரு வாளி சாயத் தண்ணீரைக்கூட மண்ணில் விழவிடவில்லை. மழை பெய்து பெய்து, மெல்ல மெல்லக் கிணறு பழைய நிறத்துக்கு வந்தது. பட்டறை மூடப்படவில்லை.

அவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் குடத்தோடு கிளம்பினோம். ராசாத்தி வாசலை மறித்து நின்றார்.

"வேற எங்கயும் போகாதீங்க. என் கிணத்துல எடுங்க."

வாளி மேலே வந்தது. அடி தெரிந்தது. ராசாத்தி என்னிடம் திரும்பி, "நல்லா இருங்கண்ணே. அம்புட்டு முருங்கக்காயும் எங்க மாமா அனுப்புறதுன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லுச்சு" என்றார். குடத்தைத் தோளில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

போய் வாருங்கள், தனபாக்கியம். இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முருங்கைக்காய் வரத்து நின்றுபோனது என்று எழுதினேனே, அது நானாகச் சொன்னது. வரத்து ஒருநாளும் நிற்கவில்லை.