சைக்கிள் திருடியவனுக்கு ஒரு சாட்சி

பதினாலு வயதில், பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவின் சைக்கிளைத் திருடிக்கொண்டு மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டு ஓடியவன் நான். அவர் கணவர் ரப்பர் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு போகும் சைக்கிள் அது.

பதினாறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, எழுபத்தெட்டில், தோட்டத்துக்குப் பக்கத்து நகரமான ஈப்போவிலேயே தங்கிவிடலாம் என்று திரும்பினேன். கையில் குடியுரிமை இல்லாதவனுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. குடிமகனுக்கான நீல அட்டை இல்லாமல் நிலையான வேலை கிடைக்காது. பிறப்புப் பத்திரமும் இல்லை. இங்கேதான் பிறந்தேன் என்று சத்தியம் செய்ய ஓர் ஆள் வேண்டும் என்றார்கள் பதிவு அலுவலகத்தில். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதில் எல்லாரும் சிதறிவிட்டார்கள். தேடிக் கிடைத்தது, ஈப்போவில் பலகாரக் கடை போட்டிருந்த அக்கா மட்டும்தான்.

போய்ப் பெயரைச் சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு வடையைத் திருப்பிப் போட்டார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு?" அவ்வளவுதான் கேட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் அதிகாரி அவரிடம் மலாய் மொழியில் கேட்டார்: "இத்தனை வருஷம் பார்க்காத ஆளை இவன்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

அக்கா என்னையே பார்த்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது.

"இவன் பொறந்தப்ப சுடுதண்ணி வச்சது நான்தான், துவான். எங்க சைக்கிளத் தூக்கிட்டு ஓடினவன் மூஞ்சி மறக்குமா? எம்புருஷன் ரெண்டு வருஷம் பாலத் தோள்ல சுமந்தாரு. இவனேதான்லா."

அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

வெளியே வந்து, "மன்னிச்சிருங்க அக்கா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு? சுமந்தவரு வீட்டுல இருக்காரு, வந்து கேளு."

அன்று மாலையே போனேன். அக்காவின் கணவர் எழுந்து வந்து கதவைத் திறந்தார். அவருடைய வலது தோள் இறங்கியிருந்தது. இப்போதும் யாராவது அடையாள அட்டை கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தோள்தான்.