சித்தப்பாவுக்குச் சொன்ன முன்கதை

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வந்தால் முதலில் டிவியை அணைப்பார்கள். பிறகுதான் "வாங்க" என்பார்கள். ஓடுகிற டிவிக்கு முன்னால் ஒரு மாப்பிள்ளையை உட்காரவைப்பது, அவரை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்புவதற்குச் சமம். டிவி என்ற ஒன்று வீட்டுக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை என்றாலும், மரியாதை அதற்குள் அதைத் தேடிக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வழக்கத்தை அம்மா ஒரே ஒரு முறைதான் மீறினாள். அன்றைக்கு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் மூன்று குடித்தனங்கள் இருந்த ஒரு காம்பவுண்டில் அப்போது குடியிருந்தோம். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவி, தகரப் பெட்டியின் மேல் பூப்போட்ட துணி விரித்து வைக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டு வீடுகளிலும் எங்களுடையதைவிடப் பெரிய டிவிகள் இருந்தன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவை ஆண்களுடையவை. எதிர்வீட்டு மெத்தைக்கடை பாய் கிரிக்கெட் பார்ப்பார். பக்கத்து வீட்டு டீச்சரின் கணவர் எல்லாச் செய்தியையும் எல்லாச் சேனலிலும் பார்ப்பார். என் அப்பா மட்டும்தான் ஏரிக்கரையில் நண்பர்களோடு உட்காரப் போய்விடுவார். அதனால் ஆறரை மணிக்கு பாய் வீட்டு அம்மாவும் டீச்சரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தமிழ் பேசும் ஒரு வெளிநாட்டுத் தொடர் அந்த நேரத்தில்தான் வரும்.

தொடரின் நாயகி கொலை செய்வதற்கென்றே சின்ன வயதிலிருந்து வளர்க்கப்பட்டவள். ஒருநாள் இனிமேல் மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள். வளர்த்தவர்கள் அவளைத் தேடுகிறார்கள். வாராவாரம் ஆட்களை அனுப்புகிறார்கள், வாராவாரம் அவள் அவர்களை உதைத்து அனுப்புகிறாள். கதை இவ்வளவுதான். அவளுடைய பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால் "கோட்டுக்காரி" என்று வைத்துக்கொண்டோம். எந்த ஊர் வெயிலிலும் அவள் அந்தக் கறுப்புக் கோட்டைக் கழற்றியதில்லை.

சண்டையை எங்கள் வீட்டில் யாரும் சண்டையாகப் பார்க்கவில்லை. பாய் வீட்டு அம்மாவுக்கு அவள் சாப்பிடுவதே இல்லை என்பதுதான் கவலை. "இத்தினி பேர அடிக்குதே, இந்தப் பொண்ணு எப்ப சாப்புடும்?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஒருமுறை ரயிலில் அவள் ஒரு ரொட்டித் துண்டைக் கடித்தபோது, "அல்லாவே, இப்பயாச்சும் தின்னுச்சே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அம்மா தாம்பரத்தில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை செய்தாள். கோட்டு கிழியாமல் இருப்பதற்குக் கையோரத்துத் தையல்தான் காரணம் என்பாள். "இதே நம்ம லோக்கல் தையலா இருந்தா மொத ஒதையிலயே அக்குள் வுட்டிருக்கும்." டீச்சர் தேவாலயத்துக்குப் போய்வந்த நாளில் ரத்தம் பார்க்கக் கூடாது என்று துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் கண்ணைக் கையால் மூடிக்கொள்வார். விரல்களை மட்டும் சேர்த்து வைக்க மாட்டார்.

அந்தச் சபையில் எனக்கு ஒரு பதவி இருந்தது. முன்கதை சொல்வது. மின்வெட்டு எந்த நேரமும் வரும். அடுப்பில் குழம்பு பொங்கும். யாராவது ஒருவர் எதையாவது தவறவிட்டுவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பை எட்டிய முதல் ஆள் நான். திரையில் ஓடும் எழுத்தைப் படித்துச் சொல்வதும், போன வாரம் விட்ட இடத்திலிருந்து இந்த வாரம்வரை கோத்துச் சொல்வதும் என் உரிமை என்றே நினைத்தேன். இன்றைக்குப் பொத்தேரியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முந்தின வகுப்பில் நடந்ததைச் சுருக்கிச் சொல்லாமல் அடுத்ததைத் தொடங்கவே வராது.

அந்த வருஷம் எங்களோடு சித்தியும் இருந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. தை மாதம் கீழ்க்கட்டளையில் கட்டிக்கொடுத்திருந்தோம். சித்தப்பா பைக் சீட் கவர் கடை வைத்திருந்தார். குரலை உயர்த்தாமல் பேசுவார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து சாக்லேட் எடுப்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

சித்திரையில் சித்தி ஒருமுறை தனியாக வந்தாள். கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். சித்தப்பா மல்லிகைப் பூவோடு வந்து கூட்டிக்கொண்டு போனார். அடுத்து ஆடிக்கு வந்தாள். புதுப்பெண்ணை ஆடி மாதத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம்தான். ஆனால் நாங்கள் யாரும் போய் அழைக்கவில்லை. பஸ் ஏறி அவளே வந்திருந்தாள், ஒரு பிளாஸ்டிக் பையோடு. கீழ்க்கட்டளை வீட்டுக் குளியலறை மிகவும் மோசமானது போலிருக்கிறது. இந்தமுறை முழங்கையிலும் காயம் இருந்தது.

ஆடி போய் ஆவணி வந்தது. ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்தது. "உங்க தங்கச்சிக்கு ஆடி இன்னும் முடியலியாம்மா?" என்று தண்ணீர்க் குழாயில் யாரோ கேட்டதாகச் சொல்லி அம்மா குடத்தை ஓசையோடு இறக்கிவைத்தாள். அப்பாவுக்குச் சித்தப்பா கடையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. இந்த மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

"சகல கூப்புட்டா நான் இன்னா சொல்றது? வாழாம எத்தினி நாளு இங்கியே வச்சிக்கினு கீறது?" என்றார் அப்பா.

சித்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த வாரத் தொடரின் முடிவில், அடுத்த வாரம் வரப்போவதைக் கொஞ்சம் காட்டினார்கள். கோட்டுக்காரியை வளர்த்த நரைத்த தலை மாஸ்டர், இதுவரை ஆள் அனுப்பிக்கொண்டிருந்தவர், அவரே கையில் பூங்கொத்தோடு அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் அசையாமல் இருந்தாள். மறுநாள் காலையில் அப்பாவிடம் சொன்னாள்.

"வர ஞாயித்துக்கெழம உங்க சகலய வரச் சொல்லு. ஆறரைக்கு வரச் சொல்லு. அப்பதான் எல்லாரும் வூட்ல இருப்போம்."

அப்பா சந்தோஷமாகப் போன் செய்யப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சரியான நேரத்துக்கு வந்தார். சலவைச் சட்டை, ஒரு கையில் ஸ்வீட் பெட்டி, இன்னொரு கையில் வாழையிலையில் கட்டிய மல்லிகை. அப்பா எழுந்து "வா சகல" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் வந்தால் எழுந்து நில்லுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் தினமும் சொல்லித் தருகிறவர் அவர்.

"வாங்க, உக்காருங்க. இப்பதான் ஆரம்பிச்சிது" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா, காபிக்குப் பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். சித்தப்பா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். சித்தி எங்களுக்குப் பின்னால் சமையலறை நிலைக்கு அருகே உட்கார்ந்து, வழக்கம்போல் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா கத தெரியாம முழிக்கிறாரு பாரு" என்றாள் அம்மா என்னிடம். "மொதல்லேர்ந்து சொல்லு."

இதைவிடப் பெரிய கௌரவம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"இவளுக்கு அப்பா அம்மா இல்ல சித்தப்பா. அந்த நரைச்ச தல மாஸ்டர்தான் கூட்டிக்கினு போய் வச்சிருந்தாரு. சோறு போட்டாரு, துணி எடுத்துக் குடுத்தாரு. ஆனா சொன்னபடி கேக்கலன்னா அடிப்பாரு."

"ஓ" என்றார் சித்தப்பா.

"வெளில எல்லார்கிட்டயும் ரொம்ப நல்லா பேசுவாரு. குரலே ஒசராது. கதவ சாத்துனதுக்கு அப்புறம்தான் அடிப்பாரு. இவ யார்கிட்டயும் சொல்ல மாட்டா. மாடியிலேர்ந்து வுழுந்துட்டேன்னு சொல்லுவா. அதையும் எல்லாரும் நம்பிடுவாங்க."

"லூசுங்க" என்றார் பாய் வீட்டு அம்மா. "மேல சொல்லு கண்ணு."

"முன்னாடி ஒரு தடவ இப்படித்தான் ஓடிட்டா. சாரி சொல்லிக் கூட்டிக்கினு போனாங்க. போன அன்னிக்கே திரும்ப அடி. இப்ப மறுபடி ஓடி வந்துட்டா. ஆள் அனுப்பிப் பாத்தாங்க, அவ வரல. அதான் இன்னிக்கு மாஸ்டரே பூ வாங்கிக்கினு வந்துகீறாரு. பாருங்க, அதோ."

திரையில் மாஸ்டர் கதவருகே நின்றார். "கோபம் தணிந்துவிட்டதா? வா, நம் வீட்டுக்குப் போகலாம்" என்று கனிந்த தமிழில் சொன்னார். அவர் வாய் மூடிய பிறகும் குரல் சற்று நேரம் வந்தது.

"மூஞ்சப் பாரு. பால் குடிக்காத பூன" என்றார் பாய் வீட்டு அம்மா.

சித்தப்பா பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அது நின்றது. மல்லிகைப் பொட்டலம் அவர் மடியில் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. நான் நல்லெண்ணத்தோடு வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறைக்காமல் இருக்கட்டும் என்றுதான்.

"இப்ப இன்னா பண்ணுவா?" என்று கேட்டார். என்னிடம் கேட்பதுபோல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "போவாளா?"

"அது எனக்கே தெரியாது சித்தப்பா. பாத்தாதான் தெரியும்."

"போவ மாட்டா."

பின்னாலிருந்து வந்தது குரல். சித்தி. கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை, காம்பை உருவுவதையும் நிறுத்தவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதை சொல்வது என் வேலை. அதிலும் நடக்காததை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று நானே கட்டுப்பாட்டோடு இருக்கும்போது, இவள் எப்படிச் சொல்லலாம்?

"நீ பாத்துட்டியா சித்தி? பாக்காமலே எப்பிடி சொல்ற?"

டீச்சர் டிவியைப் பார்க்காமல், கண்ணை நன்றாகத் திறந்து சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுக்காரி கதவின் தாழ்ப்பாளில் கை வைத்ததும் விளம்பரம் போட்டுவிட்டார்கள். சோப்புத் தூள் விளம்பரம். சித்தப்பா எழுந்தார்.

"சரிக்கா. கடையில ஆளு இல்ல."

"இருங்க, பால் வந்துடும். இதுவும் அஞ்சு நிமிஷத்துல மறுபடி போட்டுடுவான்" என்றாள் அம்மா. அவள் குரலில் எந்தக் குறையும் இல்லை. எழுந்திருக்க மட்டும் செய்யவில்லை.

பைக் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகு அப்பா பாலோடு வந்தார். "போய்ட்டாரா?" என்றார். பால் எங்கேயும் கிடைக்கவில்லை என்றும் கேம்ப் ரோடு வரைக்கும் போனதாகவும் சொன்னார். காம்பவுண்டு வாசலுக்கு எதிரிலேயே பால் விற்கிற கடை இருந்தது. அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பாலை வாங்கிக்கொண்டாள்.

விளம்பரம் முடிந்ததும் கோட்டுக்காரி கதவைத் திறந்து, பூங்கொத்தைப் பிடுங்கித் தரையில் வீசினாள். எல்லோரும் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். "பூவு இன்னாமா பண்ணுச்சி?" என்று மூன்று பேரும் அவளைத்தான் கடிந்துகொண்டார்கள். அம்மா டிவி பக்கத்திலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, மல்லிகையைத் துண்டு துண்டாகக் கிள்ளி டீச்சருக்கும் பாய் வீட்டு அம்மாவுக்கும் கொடுத்தாள். சித்தி தன் பங்கை என் ஜடையில் வைத்துவிட்டாள். ஸ்வீட் பெட்டியைப் பிரித்ததும் பெரிய மைசூர்பாகு எனக்குத்தான் வந்தது. அம்மா என் தலையைத் தடவி, "நல்லா சொன்ன" என்றாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னதற்கான பரிசு என்று நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் சித்தி அம்மாவோடு கம்பெனிக்குப் போனாள். தைத்த துணியில் பிசிறு வெட்டுகிற வேலை கேட்டு வைத்திருந்தார்களாம். அந்த வாரத்துக்குள்ளேயே வரச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் யாரையும்விட முன்னதாக டிவி முன்னால் உட்கார்ந்தேன். சித்தி சொன்னது சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது. சரியில்லை. ஏதேதோ பேசிக் கடைசியில் கோட்டுக்காரி பையைக் கட்டிக்கொண்டு மாஸ்டரின் காரில் ஏறிவிட்டாள். "இதுக்கா இத்தினி நாளா உக்காந்து பாத்தோம்? இனிமே நான் வரமாட்டேம்மா" என்று பாய் வீட்டு அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். சித்தி புது டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா சித்தி? போவ மாட்டா, போவ மாட்டான்னியே. போய்ட்டா."

சித்தி என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். ஆடியில் வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"அவ போனா போறா போ" என்றாள். "எனக்குக் காலையில ஆறரைக்கு கம்பெனி வேனு. தள்ளு, டப்பாவக் கவுக்கணும்."

கதையை இவ்வளவு தப்பாகச் சொல்லிவிட்டு ஒருத்தி எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.