முயலுக்கு உபவாசம் கிடையாது

முயல்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்குப் புழுக்கையைப் போல மனசைக் குளிரவைக்கும் பொருள் வேறு கிடையாது. காலையில் கிளினிக்குக்குள் நுழைந்ததும் கூண்டுகளில் நான் தேடுவது அதைத்தான். இருந்தால் அன்றைக்கு டீ இனிக்கும். முயல் வளர்த்து அவதிப்படுகிறவர்களே, உங்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் பொழுது சாப்பிடாமல் விட்டாலும் குடல் நின்று, வயிற்றில் காற்று அடைத்து, உயிருக்கே ஆபத்து வந்துவிடும்.

புனேயில், கோர்படிப் பக்கம் எங்கள் கிளினிக். டாக்டர் மேடம் மராத்திக்காரர். தமிழ்க் குரல் கேட்டால் போதும், "கிரேஸ், உங்க ஆளுங்க" என்று என்னைத் தள்ளிவிடுவார். அதனால் நம்மவர்கள் முயலுக்குச் செய்யும் வைத்தியமெல்லாம் முதலில் என் காதில்தான் விழும்.

தயிர்சாதம்

மகர்பட்டாவிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள், இருவருக்கும் ஐ.டி. வேலை. முயல் காலையிலிருந்து புல்லைத் தொடவில்லையாம். தாடையைத் துடைக்கப் போனால் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தேன், பெருங்காய வாசனை. குழையப் பிசைந்த தயிர்சாதம். கடுகு மட்டும் தாளிக்கவில்லை, அந்த அளவுக்குக் கருணை.

டாக்டர் மேடம் "தஹி பாத்?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். பாலும் சோறும் முயல் வயிற்றில் இன்னும் காற்றைத்தான் கிளப்பும். ஊசி போட்டு, வயிற்றை நீவிவிட்டு, புல் மாவைக் கரைத்து சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். மறுநாள் புழுக்கை விழுந்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "எங்களுக்கு வயிறு செரியில்லீன்னா அம்மா இதத்தானுங்க குடுப்பாங்க."

அடங்கிய பிள்ளை

ஏரவாடாவில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் முயலைத் துணிப்பையில் தூக்கி வந்தார். முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அது வலியில் கடிப்பது. சத்தம் போட்டு அழத் தெரியாத ஜீவனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? அவரோ எதையோ மெல்லுகிறது என்று நினைத்திருக்கிறார்.

பிழைத்துக்கொண்டது. ஆனால் முன்னமே கொண்டுவந்திருந்தால் அவ்வளவு வேதனையாவது மிச்சமாகியிருக்கும் என்று எனக்கு மனசு ஆறவே இல்லை. அவரைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "மிஷின் ஒயரு எதையும் கடிக்கல, பையன் ஷாணா ஆயிட்டான், சமத்தா அடங்கிட்டான்னு வீட்ல எல்லாரும் குஷியா இருந்தோம் சிஸ்டர்."

பெரிய வெள்ளி

மேரி அக்கா எங்கள் சபைதான். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. அவர் மகள் ஜெனி வளர்த்த முயலுக்கு மிட்டு என்று பெயர். அந்தப் பெரிய வெள்ளியன்று வீட்டில் எல்லோரும் உபவாசம். ஜெனிக்கு அதுதான் முதல் உபவாசம். மத்தியான ஆராதனையில் எனக்கு முன் பெஞ்சில்தான் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து சபையில் கஞ்சி ஊற்றினார்கள். ஜெனி பசியில் இரண்டாம் தம்ளர் வாங்கிக் குடித்ததைக்கூடப் பார்த்துச் சிரித்தேன். மிட்டுவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு காரணமும் இல்லைதான். ஆனாலும் அந்த முன் பெஞ்சு இன்னும் மனசை அறுக்கிறது.

வீட்டுக்குப் போய் ஜெனி கொத்தமல்லிக் கட்டை நீட்டியிருக்கிறாள். மிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்புறம்தான் எனக்கு போன் வந்தது. கிளினிக்குக்குத் தூக்கி வரச் சொன்னேன், டாக்டர் மேடமும் ஓடி வந்தார். வயிறு மத்தளமாக இருந்தது, காது ஜில்லிட்டிருந்தது. வெந்நீர்ப் பையை அணைத்து வைத்தோம், மருந்து ஏற்றினோம், செய்யக்கூடியதையெல்லாம் செய்தோம். என் மடியிலேயே போய்விட்டது.

"வியாழக்கிழமை ராத்திரியே கேரட்ட வச்சது வச்சபடி இருந்துச்சே ஆன்ட்டி," என்று ஜெனி சொன்னாள். அப்படியானால் ஏன் உடனே கூப்பிடவில்லை என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். மேரி அக்கா மகளைப் பார்க்காமல், என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நம்மகூட சேந்து அதுவும் உபவாசம் இருக்குன்னு நாந்தான் கிரேஸு, பிள்ளட்ட பெருமையா சொன்னேன்."

பட்டினி கிடப்பது மனுஷனுக்குப் புண்ணியம், முயலுக்கு மரணம் என்ற ஒரு வரியைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம், அதையும் பெரும்பாலும் காரியம் கைமீறின பிறகே சொல்ல வாய்க்கிறது.