நாளைக்குக் கப்பலேறப் போகிற வாத்தியார்

வெளிநாட்டில் இங்கிலீஷ் வாத்தியாராக இருக்கிறவனை ஊரார் கடைசிவரை விருந்தாளியாகத்தான் வைத்திருப்பார்கள். சாப்பிடச் சொல்வார்கள், கையோடு ஊருக்குப் பயணம் எப்போது என்றும் கேட்பார்கள். அயல்நாட்டில் சாக்பீஸ் பிடித்துப் பிழைக்கிற என் இனத்தாரே, இந்தக் கேள்விக்கு நீங்களும் பல்லைக் காட்டிச் சிரித்து வைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் சிரித்து வைத்தேன். அதற்கு என்ன விலை ஆகும் என்று அப்போது தெரியாது.

சங்கரன்கோயில் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து அறுபதுகளின் நடுவில் இலங்கை மலைநாட்டுப் பதுளைக்கு வந்தவன் நான். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை. அம்மா செத்துப்போன பிறகு ஊரில் எனக்கென்று ஒரு பூட்டிய வீட்டைத் தவிர எதுவும் இல்லை. பதுளையில் மலையும் மழையும் இருந்தன, படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் இருந்தார்கள். இனி சாகும்வரை இந்த ஊர்தான் என்று வந்த புதிதிலேயே முடிவு கட்டிவிட்டேன். என் முடிவை யாரும் நம்பவில்லை என்பதுதான் இந்தக் கதை.

குடை

சனிக்கிழமைகளில் நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய், கிளாக்கர்மார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கூலிக்காரர்களின் லயத்து வீடுகளிலிருந்து வரும் சிலருக்கும் பாடம் சொல்வேன். பஸ்ஸை விட்டு இறங்கி மேடு ஏற வேண்டும். முதல் சனிக்கிழமை வழிகாட்ட வந்தவர் மாரிமுத்து கங்காணி. கொழுந்து பறிக்கிற பெண்களை மேய்க்கிற வேலை அவருக்கு. பாதி மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் குடையை விரித்தோம். எதிரே தோட்டத்துத் துரையின் ஜீப் வந்தது. கங்காணி சட்டென்று குடையை மடக்கிக்கொண்டு ஓரத்து மழைநீர்க் கானில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விரித்த குடையோடு நடுரோட்டில் நின்றேன். துரை ஜீப்பை நிறுத்தி யார் என்று கேட்டார், நான் பதில் சொன்னேன். என் இங்கிலீஷ் அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, கையை நீட்டிக் குலுக்கிவிட்டுப் போனார். கங்காணி தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. "நானும் இந்தியாக்காரன்தானே, எனக்கு மட்டும் என்ன மரியாதை?" என்று கேட்டேன். குடையை விரிக்காமல் நடந்தபடியே அவர் சொன்னார்: "நீங்க இந்தியாவுலருந்து வந்தவங்க சார். இங்க இந்தியாக்காரன்னா அது நாங்கதான்."

திரும்பி வராத வாடிக்கை

பள்ளிக்கூடத்துச் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்ததால், பதுளைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மாலை வகுப்பு நடத்தினேன். கடை சேகு முதலாளியுடையது. சேலை மடிக்கிற சத்தம் கீழிருந்து வரும், மேலே நாங்கள் வினைச்சொல் மடிப்போம். நன்றாகப் படித்தவன் கொழும்புக்குப் போனான். இன்னும் நன்றாகப் படித்தவன் கப்பலேறினான். சுமாராகப் படித்தவன்தான் என்னோடு மிச்சம்.

நல்ல மாணவன் ஒருவன் விடைபெற்றுப் போகும் நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் அப்படி உம்மென்று படியில் உட்கார்ந்திருந்தபோது முதலாளி பிளேன்டீயை நீட்டியபடி சொன்னார்: "மாஸ்டர், எங்கட கடையில சாமான் வாங்கினவன் திரும்பி வருவான். உங்கட்ட நல்ல சாமான் வாங்கினவன் வரவே மாட்டான். இது என்னா யாவாரம்?"

தூரம்

மாரிமுத்து கங்காணியின் மகள் தெய்வானை, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். தாய்மார்கள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால் அத்தனை பிள்ளைகளும் இவள் மடியில். சனிக்கிழமைப் பாடத்துக்கு ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து கடைசியில் நிற்பாள். மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்துக்கொண்டேன்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். அதுவரை என்னோடு ஊர்க்கதை பேசியபடி மேடு ஏறிய மனிதர், தாலி கட்டி முடித்ததும் வாயை மூடிக்கொண்டார். மாமனார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசுவது அவர்கள் வழக்கத்தில் மரியாதைக் குறைவு. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கறி வேணுமான்னு கேளு புள்ள" என்பார். நானும் சுவரிடமே வேண்டாம் என்பேன். வேடிக்கையாகத்தான் இருந்தது.

பெண்ணை அனுப்பி வைக்கிறபோது கங்காணியின் தங்கை கட்டிப்பிடித்து அழுத அழுகை இருக்கிறதே! நாங்கள் குடிபோனது பதுளைக்கு. பஸ் ஏறினால் பொழுதுக்குள் போய்த் திரும்பலாம். கல்யாண வீட்டு அழுகைதானே என்று நான் பாட்டுக்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் அண்ணனைப் பார்த்துச் சொன்னது காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை: "இம்புட்டுத் தூரத்துல குடுத்துட்டியே அண்ணே!"

விசா கந்தோர்

வருஷத்துக்கொரு முறை தெய்வானையையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் விசாவை நீட்டிக்கொண்டு வர வேண்டும். புறப்படுவதற்கு முதல் நாள் மாமியார் தோட்டத்திலிருந்து வந்து, முறுக்கும் பணியாரமுமாகச் சுட்டுக் கட்டிக் கொடுப்பார். சுடும்போதே கண்ணீர் வடியும். அடுப்புப் புகை என்று நினைத்துக்கொள்வேன். கோச்சியில், அதாவது ரயிலில், ஒரு வண்டிக்கே போதுமான பலகாரம் இருக்கும்.

கந்தோர் என்கிற அந்த ஆபீஸில் என் காரியத்தைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். கெட்டிக்காரர், கெட்டவர் இல்லை. இந்த வருஷம் என்ன காரணம் என்று கேட்பார், போன வருஷத்துக் காரணத்தையே சொல்வேன், அவரும் எழுதிக்கொள்வார். ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உம்மட ஆக்கள் எல்லாரையும் இந்தியாவுக்கு ஏத்தி அனுப்பினம், நீர் என்னண்டா இஞ்ச இருக்க வேணுமெண்டு நிக்கிறீர். அடுத்த வருசம் எனக்குப் பென்சன் ஐசே, நீர் ஆரிட்டப் போய் நிப்பீர்?"

சுவரைப் பார்த்துச் சொன்னது

அவர் சொன்னது உண்மை. எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமல் கிடந்த தோட்டத்துச் சனத்தில் இன்னின்னார் இந்தியாவுக்கு, இன்னின்னார் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொருவரும் இரண்டில் ஒரு நாட்டுக்கு மனுப்போட வேண்டும். தெய்வானை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நீங்க இங்கதானே இருக்கப் போறீங்க? அப்ப எனக்கும் இங்கதான்" என்று இலங்கைக்குப் போட்டாள். அவளுக்குக் கிடைத்தும் விட்டது. அந்தத் தெம்பில் பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலவில் ஒரு சின்னக் காணி வாங்கி, அவள் பெயரில் வீடும் கட்டினோம். மாமனாரும் மாமியாரும் வேலையிலிருந்து நின்றதும் எங்களோடு வந்து இருக்க வேண்டும் என்று பின்பக்கத்தில் ஒரு அறை. வெயில் விழுகிற அறையாகப் பார்த்து அவளே ஒதுக்கினாள்.

மாமனாருக்கு இந்தியா என்று வந்தது. தப்பாக வந்துவிட்டது என்று நினைத்துப் பதறிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினோம். தப்பில்லை. அவரே கேட்டு வாங்கியதுதான். எங்கள் கல்யாணம் முடிந்த கையோடு, மனு எழுதச் சொல்லி மாப்பிள்ளையைச் சிரமப்படுத்தக் கூடாது என்று, தோட்டத்துக் கிளாக்கரைப் பிடித்து இந்தியாவுக்கு மனுப்போட்டிருக்கிறார். "நாங்க இங்க இருக்கும்போது நீங்க எதுக்குப்பா அங்க கேட்டீங்க?" என்று தெய்வானை கத்தினாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவர் வழக்கம்போல சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஒன்னயக் கட்டுனவரு இந்தியாக்காரரு. என்னைக்கு இருந்தாலும் ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருவாரு. நீ இல்லாத ஊருல நாங்க இருந்து என்னத்தச் செய்ய புள்ள?"

கேட்டது கிடைத்தவர்

மகளுக்குப் பக்கத்தில் இருக்க அவர் இந்தியா கேட்டார். எனக்குப் பக்கத்தில் இருக்க மகள் இலங்கை கேட்டாள். இவ்வளவு வருஷமும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், ஒரு வார்த்தை நேரில் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். மருமகனிடம் பேசுவது மரியாதை இல்லை என்று அவர் பேசவில்லை. பெரியவர் பேசாதபோது நான் எப்படித் தொடங்குவது என்று நானும் பேசவில்லை. மாமியார் வருஷா வருஷம் பலகாரத்தோடு அழுதது எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒவ்வொரு முறையும் நாங்கள் கொழும்போடு கப்பலேறிவிடுவோம் என்று நினைத்தே அந்த அம்மாள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்திருக்கிறார்.

மாற்றித் தரச் சொல்லி ஏறாத கந்தோர் இல்லை. என்னிடம் இருந்த அத்தனை இங்கிலீஷையும் கொட்டினேன். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்த கை இது, சொந்த மாமனாருக்கு ஒன்றும் பலிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கேட்டது கேட்டதுதான் என்றார்கள். கடைசியாகப் போன இடத்தில் ஒரு குமாஸ்தா, பாவம், இளவயசு, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "கெடைக்கலைன்னு அழுவாங்க சார், பாத்திருக்கேன். கேட்டது கெடைச்சதுக்கு எதுக்கு சார் அழுறீங்க?"

கோச்சி

இந்தியாவில் அவர்களுக்கு யாரும் இல்லை. அவருடைய அப்பன் திருச்சிப் பக்கம் என்று கேள்விதான், எந்த ஊர் என்று அவருக்கே தெரியாது. போனவர்கள் முகாமில் கிடந்து சீரழிவதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. பூட்டிக் கிடக்கிற என் வீட்டைத் தவிர வேறு வழி இல்லை. எந்தப் பஸ், எங்கே இறங்க வேண்டும், குடிதண்ணீருக்கு எந்தக் கிணறு என்று தெய்வானையிடம் சொன்னேன், அவள் அப்பாவிடம் சொன்னாள். "அங்க குளிருமான்னு கேளு" என்றார். குளிராது என்றேன். பிறந்ததிலிருந்து கம்பளி போர்த்திய மனிதர், அதைக் கேட்டுவிட்டுக் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பதுளை ஸ்டேஷனில் அன்றைக்கும் மழை. தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறுகிறவர்கள் ஒரு பக்கம், விட வந்தவர்கள் ஒரு பக்கம், நடுவில் தகரப் பெட்டிகள். அழுகைச் சத்தத்தில் விசில்கூடக் கேட்கவில்லை. தெய்வானை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோச்சியோடு நடந்தாள், பிறகு ஓடினாள், பிறகு விட்டுவிட்டாள். அவள் பக்கம் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

அதற்குச் சற்று முன், கோச்சி நகர்வதற்குள், மாமனார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மழை அவர் முகத்தில் அடித்தது. நான் என் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, சுவரைப் பார்க்காமல், என் கண்ணைப் பார்த்து என்னிடமே பேசினார்: "மாப்ள, ஒங்க ஊர நாங்க பாத்துக்கிறோம். எங்க ஊர நீங்க பாத்துக்கங்க."

வருஷங்கள் ஓடிவிட்டன, பின்பக்கத்து அறையில் இன்னும் வெயில் விழுகிறது, ஹாலிஎலவில் என்னை இந்தியாக்காரர் என்கிறார்கள், என் வீட்டில் குடியிருக்கும் அவரை என் ஊரில் சிலோன்காரர் என்கிறார்களாம், ஆக, இத்தனை காலம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து நான் நிரந்தரமாக அமைத்த வெளிநாட்டு வாழ்க்கை இரண்டு, எனக்கு ஒன்று, என் மாமனாருக்கு ஒன்று.