இடது இறக்கையின் துணி

அவர் என் கடைக்கு வந்தபோது மழைக்காலம் தொடங்க ஒரு மாதம் இருந்தது. ரங்கூனில், தாகேதாவில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடை. லைன் பஸ்களுக்கு சீட் உறை தைப்பேன். லாரிக்குத் தார்ப்பாய் தைப்பேன். வேறு தையல் தெரியாது.

வந்தவர் பர்மாக்காரர். அறுபது வயது இருக்கும். சட்டைப் பையில் இரும்பு ஸ்கேல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைத் துணித் துண்டை எடுத்து என் மெஷின் மேல் வைத்தார்.

"இந்தத் துணியத் தைப்பியா?"

"தைப்பேன். எவ்வளவு நீளம்?"

"பதினாறு அடி. ரெண்டு."

"எந்த லைன் பஸ்?"

"பஸ் இல்ல. இறக்கை."

அவரைப் பார்த்தேன். குடித்தவர் போலத் தெரியவில்லை.

"கோழிக்கா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து பாரு" என்று வீட்டு வழியைச் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் பேசியதெல்லாம் பர்மா மொழியில். என் நினைவில் அது தமிழாகத்தான் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தின்கன்ஜூனுக்குப் போனேன். அவர் சொன்னது தங்கையின் வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு சின்ன ஏரோப்ளேன். இரண்டு பேர்தான் உட்கார முடியும். உடம்புக்குப் பெயிண்ட் அடித்து முடிந்திருந்தது. என்ஜின் துடைத்த பாத்திரம் போல இருந்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இறக்கைகள் தனியாகக் கட்டை மேல் கிடந்தன. துணி இல்லை. வெறும் மரச் சட்டம். தின்று முடித்த வாளை மீனின் முள் மாதிரி.

அந்த இறக்கைகள் உட்காருகிறவரின் தலைக்கு மேலே வரும். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அது முக்கியம்.

அவரை நான் சயா என்று கூப்பிட்டேன். வாத்தியார் என்று அர்த்தம். பர்மாவில் வேலை தெரிந்த யாரையும் அப்படிக் கூப்பிடலாம். அவர் என்னை ஞீலே என்பார். தம்பி. சயா சின்ன வயதில் ஒரு விமான கிளப்பில் மெக்கானிக். அந்தக் கிளப் மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிறகு எங்கெங்கோ பட்டறைகளில் வேலை பார்த்திருக்கிறார். இந்த விமானத்தை ஒரு பழைய இரும்புக்காரரின் கொல்லையில், பூசணிக்கொடி படர்ந்து கிடந்தபோது பார்த்து, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

"பறக்குமா சயா?"

"பறக்காது. யார் விடுவா?"

"அப்புறம் எதுக்கு?"

"முழுசா நின்னு, ஒரு தடவை என்ஜின் ஓடணும்."

தங்கை டீ கொண்டுவந்தார். அவரை நான் அமா என்பேன். அக்கா மாதிரி. என்னைத் தூணாக நினைத்துக்கொண்டு அண்ணனைத் திட்டினார்.

"தடின்ஜூ வரைக்கும்தான். விளக்கு ஏத்தி முடிச்ச மறுநாள் கொட்டகையப் பிரிக்கிறேன். என் மகளுக்கு இங்கதான் வீடு கட்டணும். ஏரோப்ளேன் முழுசா நின்னா கியாக்தான் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும், பிள்ளைங்க பாக்கும். பெரிய போங்ஜி சரின்னுட்டார். இல்லன்னா இரும்புக்காரனக் கூப்பிட்டுடுவேன்."

போங்ஜி என்றால் பௌத்தத் துறவி. தடின்ஜூ மழைக்காலம் முடியும்போது வரும் விளக்குத் திருவிழா. ஐந்தாறு மாதம் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

இறக்கைக்குத் துணி போடுவது சீட் உறை மாதிரி இல்லை. உறை போல் தைத்து மாட்டிய பிறகு, ஒவ்வொரு மரச் சட்டத்தோடும் சேர்த்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊசி போய்த் திரும்பி வர வேண்டும். இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு தையல். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. ஒன்று அறுந்தாலும் அடுத்தது பிடிக்கும். சயா சைக்கிள் கம்பியைத் தீட்டி ஊசி செய்திருந்தார். இறக்கையைப் பக்கவாட்டில் சுவர் போல நிறுத்தினோம். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நான் குத்துவேன். அவர் வாங்கித் திருப்பி அனுப்புவார். ஆள் தெரியாது. ஊசி மட்டும் வரும்.

வாரத்துக்கு ஒரு நாள் இப்படித்தான் வேலை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவரும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு துணி இருந்தால் மனிதர்கள் பேசிவிடுகிறார்கள்.

"ஞீலே, இதை நிறுத்தினது நான்தான்."

"எதை?"

"இந்த ஏரோப்ளேனைத்தான். வாலுக்குப் போற கம்பி ஒண்ணு பிரிஞ்சிருந்தது. ரெண்டு நாள் வேலை. புத்தகத்துல 'பறக்கக் கூடாது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்னிக்குத் தங்கச்சிக்குக் கல்யாணம். திங்கக்கிழமை வந்து மாத்திக்கலாம்னு போயிட்டேன்."

ஊசி வந்தது. முடிச்சுப் போட்டு அனுப்பினேன்.

"திங்கக்கிழமை?"

"கிளப்பு பூட்டிக் கிடந்தது."

கொஞ்ச நேரம் ஊசி வரவில்லை.

"புத்தகத்துல கடைசி வரி அதுதான். என் கையெழுத்து."

அந்தப் புத்தகத்தை பிஸ்கட் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அரை வேலையில் விட்டது எப்படி உறுத்தும் என்று எனக்குத் தெரியும். நான் நாலாவது வரைதான் படித்தேன்.

தைத்து முடித்த துணி தொளதொளவென்று இருந்தது. வெளிநாட்டில் இதற்கென்று ஒரு பூச்சு உண்டாம். பூசினால் துணி இழுத்துப் பிடிக்குமாம். ரங்கூனில் கிடைக்காது. ஆதிகாலத்து விமானங்களுக்குக் கஞ்சிதான் போட்டார்கள் என்று சயா சொன்னார். கஞ்சி என்றால் எனக்குப் பயமில்லை.

வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வடிச்ச கஞ்சி கோழிக்குக் குடுத்தாச்சு, பன்னி வளக்கிறவனுக்குக் குடுத்தாச்சு. இனி ஏரோப்ளேனுக்கும் ஊத்தணுமா? நாளைக்கு ரயிலு வந்து நிக்கும், அதுக்கும் சேத்து உலை வைக்கிறேன்."

ஆனாலும் இரண்டு அடுக்கு நிறையக் காய்ச்சிக் கொடுத்தாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பசை காய்ச்சினால் நாங்கள் மயில்துத்தம் போடுவோம். கொஞ்சம் போட்டால் போதும். பூச்சி, எலி எதுவும் கிட்டே வராது. கொண்டுபோயிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். சயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விஷம்தானே?"

"எலிக்குத்தான் சயா."

"வாசோ விரதம் நடக்குது. மூணு மாசம் உயிர் கொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"நீங்க போட வேணாம். நான் போடறேன்."

"என் ஏரோப்ளேன்ல யார் போட்டாலும் நான் போட்டதுதான்."

என் வேலையில் எனக்குத் தெரிந்தது அது. இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வெயில் வந்த இரண்டு நாளில் துணி இறுகியது. சயா விரலால் தட்டினார். தவில் போல ஒலித்தது. அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். வலது இறக்கைக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து விமானத்தில் மாட்டினோம். பெயிண்ட் தீர்ந்துபோனதால் இடதைக் கட்டை மேலேயே வைத்தோம்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. தாகேதாவில் ஓடைத் தண்ணீர் ஏறிக் கடைக்குள் வந்துவிட்டது. லாரிக்காரர்கள் தார்ப்பாய்க்கு நின்றார்கள். இரண்டு ஞாயிறு போக முடியவில்லை.

மூன்றாவது ஞாயிறு போனபோது சயா கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. உள்ளே போனேன். இடது இறக்கையை எலிகள் தின்றிருந்தன. கஞ்சி தடித்து நின்ற இடமாகப் பார்த்துத் தின்றிருந்தன. முப்பது ஓட்டைக்கு மேல் எண்ணினேன். சிலவற்றில் என் தலை நுழையும்.

எனக்குக் கோபம் வந்தது. "சொன்னேனே சயா" என்றேன்.

அவர் இறக்கையைப் பார்த்தார்.

"பசிச்சிருக்கு" என்றார்.

அடுத்த முறை தாகேதாவிலிருந்து ஒரு பூனையைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோனேன். "இது பிடிச்சா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அது பூனையோட பாவம்" என்றார்.

தடின்ஜூவுக்கு மூன்று வாரம் இருந்தது. முழுத் துணியும் மாற்ற நேரமில்லை. ஒட்டுப் போடுவதாக முடிவு செய்தோம். அதற்கும் நெருக்கமாக நெய்த பருத்தி வேண்டும். கடைகளில் கிடைத்ததெல்லாம் நைலான் கலந்தது. நைலான் கஞ்சி குடிக்காது.

சம்சாரம் பழந்துணி மூட்டையைத் தூக்கிப் போட்டாள். "இதுல பாருங்க. எல்லாம் பருத்தி." கிளறினேன். கறுப்புத் துணி நாலைந்து பட்டை கிடந்தது. இழுத்துப் பார்த்தேன். நீளவே இல்லை. வாயை வைத்து ஊதினேன். காற்றுப் போகவில்லை. இதைவிட நல்ல துணி கிடைக்காது என்று எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து தினமும் கடையை மதியமே மூடிவிட்டு தின்கன்ஜூனுக்குப் போனேன். பெரிய ஓட்டைகளுக்குப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, ஓரங்களைப் பிசிர் எடுத்து, கஞ்சியில் ஊற வைத்து ஒட்டினேன். சயா அந்தப் பக்கம் நிற்க, மேலே தையலும் போட்டேன். துணி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. இறக்கையைத் தூக்கி மாட்டினோம். அமா மகளோடு சாமான் வாங்க மாண்டலே போயிருந்தார்.

தடின்ஜூவுக்கு மூன்று நாள் முன்பு அவர் திரும்பி வந்தார். கொட்டகை வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"அது என்ன கறுப்பு?"

"ஒட்டு அமா."

"தெரியுது. என்ன துணி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பர்மாவில் பெண்கள் இடுப்பில் கட்டுவது தமெய்ன். அதன் மேல் விளிம்பில் கை அகலத்துக்குக் கறுப்புப் பட்டை வைத்துத் தைப்பார்கள். பூப்போட்ட கீழ்த்துணி நைந்தாலும் அந்தப் பட்டை நையாது. தமெய்ன் காயும் கொடிக்குக் கீழே பர்மா ஆண் போக மாட்டான். அது தலைக்கு மேல் வந்தால் ஆணுக்குள்ள பலம் போய்விடும் என்பார்கள். நான் பிறந்தது இந்த ஊரில். இது தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எல்லாத் துணியும் ஒரே கொடியில்தான் காயும். என் கைக்குத் துணிதான் தெரிந்தது.

"தமெய்ன்" என்றேன். "என் சம்சாரத்துது."

அமா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவி! மடத்துக்குப் போற சாமான்! அண்ணே, இதுக்குக் கீழயா நீ உக்காரப் போற?"

சயா கறுப்பு ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பெயிண்ட் அடிச்சா தெரியாது சயா" என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

"பிரிச்சிடறேன்."

"பிரிச்சா வேற துணி இருக்கா?"

இல்லை. நாளும் இல்லை. கோழி ஒன்று எங்களுக்கு நடுவில் நடந்து போனது. சயா இறக்கையின் ஓரத்துக்கு வந்தார். அடியில் வரவில்லை. எட்டி ஒட்டுத் துணி ஒன்றை விரலால் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார்.

"ஞீலே. தையல் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"காத்துல?"

"என் தையல் சயா. பிடிக்கும்."

அவர் செருப்பைக் கழற்றினார். ஏன் என்று இன்றும் தெரியாது. தலையைக் குனிந்து, இறக்கைக்குக் கீழே போய், உள்ளே ஏறி உட்கார்ந்தார். அமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெருவோரத்தில் பாட்டிலில் விற்கும் பெட்ரோல் மூன்று பாட்டில் ஊற்றினேன். சக்கரத்துக்கு முன்னால் செங்கல் வைத்தேன். வாலைத் தூணோடு கட்டினேன். முன்னால் இருக்கும் காற்றாடியைச் சுற்றிவிட்டு உடனே பின்னால் விலக வேண்டும். நாலு தடவை சுற்றினேன். இருமியது. ஐந்தாவது தடவை பிடித்துக்கொண்டது.

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கோழிகள் ஓடின. பூனை அன்றோடு போனதுதான். கொடியில் இருந்த துணியெல்லாம் பறந்து அடுத்த வீட்டு வேலியில் விழுந்தது. அமா காதைப் பொத்திக்கொண்டு என்னவோ கத்தினார். நான் இடது இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கியது. ஒரு ஒட்டும் கிளம்பவில்லை.

பெட்ரோல் தீரும் வரை ஓடவிட்டார்.

இறங்கி வந்து பிஸ்கட் பெட்டியைத் திறந்தார். புத்தகத்தில் பழைய கையெழுத்துக்குக் கீழே எழுதினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கம்பி மாற்றப்பட்டது. இடது இறக்கை ஒட்டுப் போடப்பட்டது. என்ஜின் ஓடியது. வேலை முடிந்தது. கீழே கையெழுத்து. முன்பு போட்டதைவிடக் கொஞ்சம் கோணலாக இருந்தது.

மறுநாள் பஸ் பிடித்துக் கியாக்தான் போய் மடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லாமல் அனுப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். திரும்பி வரும் வழியில் என் கடையில் இறங்கினார்.

"எடுத்துக்கிறாங்க. இடது இறக்கை மட்டும் வேணாம். மூங்கில் பாய் முடைஞ்சு ஒண்ணு மாட்டிக்கிறாங்களாம்."

"அந்த இறக்கை?"

"உன் சம்சாரத்துதுதானே" என்றார்.

லைன் பஸ் கூரையில் கட்டித் தாகேதாவுக்குக் கொண்டுவந்தேன். வெள்ளிப் பெயிண்ட் அடித்து, கடை முன்னால் நாலு கம்பு நட்டு, வெயில் மறைப்பாகப் போட்டேன். மழையில் தொய்யும். வெயிலில் இறுகும். பஸ்காரர்கள் அதன் கீழே நின்று பீடி பிடிப்பார்கள். அது என்ன துணி என்று அவர்கள் கேட்டதில்லை. நான் சொன்னதில்லை. அது சரியா என்று சில நாள் யோசிப்பேன்.

சயா மாதம் ஒருமுறை வருவார். உள்ளே வாங்க என்றால் வர மாட்டார். நேராக இறக்கைக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்காருவார். சம்சாரம் டீ வைத்துவிட்டு என் காதருகில் தமிழில் சொல்லுவாள்.

"எல்லாம் தெரிஞ்சுகிட்டு என் பழைய தமெய்னுக்குக் கீழ உக்காந்து டீ குடிக்கிற ஒரே பர்மாக்காரர் இவர்தாங்க."

"என்ன சொல்லுது?" என்பார் சயா.

"சக்கரை போதுமான்னு கேக்குது."

"போதும்" என்பார். டீயைக் குடித்து முடித்து, எழுந்து, கையை உயர்த்தித் துணியைத் தட்டிப் பார்ப்பார். ஒலி எப்படி இருந்தாலும் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போவார்.