பெரிய டாக்டரின் சீட்டாட்டமும் டொமைன் அட்மின் பாஸ்வேர்டும்

நாகமலை புதுக்கோட்டையில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். பிள்ளை என் மடியில், ஊசி ஆசாரி கையில். அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. எங்கள் ஹெல்ப் டெஸ்க் பத்மா.

"அண்ணே, பெரிய டாக்டர் கம்ப்யூட்டர்ல தெரியாம கைய வச்சுட்டேன். மேனேஜர் என்னைய வேலைய விட்டுப் போகச் சொல்றாரு."

பிள்ளை வீறிட்டது.

"அங்க யாருண்ணே அழுறது?"

"காது குத்துறோம்மா. நீ எங்கயும் போகாத. இந்தா வாரேன்."

எங்களுடையது கே.கே. நகரில் ஒரு தனியார் மருத்துவமனை. கட்டணத்துக்குப் பயந்து செல்போனில் பேச்சைச் சுருக்கிக்கொள்கிற காலம் அது. தொண்ணூறு கம்ப்யூட்டருக்கு ஒரே சிஸ்டம் அட்மின் நான். ஹெல்ப் டெஸ்க்கில் மூன்று பேர். லீவு போடும் அவசரத்தில் நான் செய்த முட்டாள்தனம் இது: எல்லாக் கம்ப்யூட்டரையும் திறக்கும் டொமைன் அட்மின் பாஸ்வேர்டை மூன்று பேருக்கும் சொல்லிவிட்டேன். இருந்த இடத்திலிருந்தே எந்தக் கம்ப்யூட்டரையும் இயக்கும் ரிமோட் சாஃப்ட்வேரையும் போட்டுக் கொடுத்தேன். தேவையான உரிமையை மட்டும் பிரித்துக் கொடுக்க அரைநாள் ஆகும். சோம்பல். வேறு காரணம் கிடையாது.

சட்டையில் சந்தனத்தோடு பெரிய டாக்டர் அறைக்குள் நுழைந்தேன். டாக்டர் நாற்காலியில் இருந்தார். பத்மா ஓரமாக நின்றார். மேனேஜர் டாக்டரிடம் குதித்தார்.

"சார், இது ஹேக்கிங்! இந்தம்மாவ இன்னைக்கே அனுப்பணும்."

"என்னம்மா செஞ்ச?" என்றேன்.

"பில்லிங்ல ஸ்கிரீன் நிக்குதுன்னாங்கண்ணே. கம்ப்யூட்டர் நம்பர மாத்தி அடிச்சுட்டேன். தொறந்தா சீட்டாட்டம். பில்லிங் தம்பிதான் வெளையாடுறான்னு நெனச்சேன். செகப்பு ஒம்பத கறுப்புப் பத்து மேல வைக்கத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தான். பொறுக்கல. நானே வச்சேன்."

"அம்புட்டுதானா?"

"நோட்பேட தொறந்து, 'வேலையப் பாரு தம்பி'ன்னு அடிச்சேன்."

பெரிய டாக்டருக்கு வயது அறுபத்திரண்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேனேஜர் முறைத்தார். நான் டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"அனுப்புறதா இருந்தா என்னைய அனுப்புங்க சார். சாவிக்கொத்த மொத்தமாக் குடுத்தது நான். உங்க ஸ்கிரீன் மட்டுமில்ல, சம்பளப் பட்டியல், லேப் ரிப்போர்ட் எல்லாத்தையும் இவங்க தொறக்கலாம். மாத்தவும் செய்யலாம்."

டாக்டர் நிமிர்ந்தார். "ரத்த குரூப்பையுமா?"

"ஆமா. மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யாரு மாத்துனாங்கன்னுகூடத் தெரியாது."

டாக்டர் பத்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ வச்ச அந்த ஒம்பது நல்ல ஆட்டம்தான். நான் பயந்து போயி பிளக்கைப் பிடுங்கிட்டேன். இல்லைன்னா ஜெயிச்சிருப்பேன்."

அறையே சிரித்தது. பத்மா அழுதுகொண்டே சிரித்தார். வேலை தப்பியது.

மறுநாளே உட்கார்ந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஹெல்ப் டெஸ்க் ஆட்கள் சாதாரண ஊழியரின் பாஸ்வேர்டை ரீசெட் செய்யலாம். டாக்டர்கள், கணக்குப் பிரிவு பக்கம் போகக்கூடாது. எதிர்முனையில் இருப்பவர் 'யெஸ்' அழுத்தினால்தான் ரிமோட் திறக்கும். யார், எப்போது, எதைத் தொட்டார் என்பது லாக் என்னும் பதிவேட்டில் பதியும்.

"இம்புட்டுத்தானா அண்ணே? என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று பத்மா மூஞ்சியைத் தூக்கினார். இரண்டு நாள் பேசவில்லை.

சில வாரம் கழித்து, யாருக்கு எந்த ஷிப்ட் என்று காட்டும் டூட்டி ரோஸ்டர் ஃபைல் காணாமல் போனது. மேனேஜர் நேராக ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்து பத்மாவை நோக்கி விரலை நீட்டினார். பத்மா எழுந்திருக்கவே இல்லை.

"அந்த ஃபோல்டருக்குள்ள போக எனக்கு உரிமையே கிடையாது சார். அண்ணே, லாகத் தொறங்க."

திறந்தேன். அழித்தது மேனேஜரேதான்.

உரிமையைக் குறைத்தால் நிர்வாகத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். வேலை செய்கிறவருக்குத்தான் முதல் பாதுகாப்பு. அட்மின் வேலைக்கு வரும் பிள்ளைகளே, அந்த அரைநாளை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பேக்கப்பிலிருந்து ரோஸ்டரை எடுத்துக் கொடுத்தேன். அன்று ஹெல்ப் டெஸ்க் மொத்தத்துக்கும் மேனேஜர் செலவில் ஜிகர்தண்டா. பத்மா ரெண்டு குடித்தார்.